ஆசந்தியின் வலது முன்தண்டு

காரைக்காலில் நான் போட்ட தளங்களில் ஒன்றுகூட இன்றுவரை ஒழுகியதில்லை. எதைச் சொல்வதானாலும் இதை முதலில் சொல்லிவிடுவது என் பழக்கம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சுண்ணாம்பு குழைத்தேன், செங்கல் சுமந்தேன், கொத்தனாருக்குக் கையாளாக நின்று, அவர் சாப்பிடப் போன நேரங்களில் அவர் கரண்டியை எடுத்துப் பூசிப் பழகினேன். முப்பது வயதுக்குள் மேஸ்திரி ஆகிவிட்டேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு வெளிநாட்டுச் சம்பாத்தியம் வந்து ஊரெல்லாம் மாடி எழும்பியபோது, என்னைக் கேட்காமல் கடைக்கால் தோண்டியவர்கள் குறைவு. தலத்தெருவில் சொந்தமாக மாடிவீடு, மொபெட் போய் மோட்டார் சைக்கிள், பெண்ணுக்கு நர்ஸ் படிப்பு, பையனுக்கு என்ஜினியர் படிப்பு, எல்லாம் இந்த இரண்டு கையால் வந்தவை. பையனைக் கல்லூரியில் சேர்த்த அன்று அங்கே போட்ட கையெழுத்துகளிலேயே என்னுடையதுதான் பெரிசு. இப்போது இதையெல்லாம் எழுதுகிற தைரியம், வேலையை விட்ட பிறகு தினமும் பேப்பர் படித்துப் படித்து வந்தது.

வேலையில் எப்படியோ அப்படித்தான் பக்தியிலும். அரைகுறை எனக்குப் பிடிக்காது. விபூதிப் புதன் தொடங்கி ஈஸ்டர் வரைக்கும் எங்களுக்குத் தவக்காலம். ஆண்டவரின் பாடுகளை நினைத்து, பிடித்ததை விட்டு, வயிற்றைக் கட்டி இருக்க வேண்டிய நாற்பது நாள். ஒரு நாளைக்கு ஒரே வேளைச் சாப்பாடு என்று இருப்பதை ஒருசந்தி என்போம். எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோவிலைச் சேர்ந்தவர்களில், பெரும்பாலானவர்கள் வெள்ளிக்கிழமை மட்டும் ஒருசந்தி இருப்பார்கள். கொஞ்சம் கெட்டியானவர்கள் புதனும் வெள்ளியும் இருப்பார்கள். நான் ஞாயிறு தவிர எல்லா நாளும். பகலில் பச்சைத் தண்ணீர் மட்டும்தான். சாயங்காலம் கோவிலில் சிலுவைப்பாதை முடித்து வந்து கஞ்சியும் துவையலும் சாப்பிடுவேன். கறி, மீன், முட்டை நாற்பது நாளும் எங்கள் வீட்டு வாசப்படி ஏறாது. வெயிலில் சாரத்தின்மேல் நின்று வேலை வாங்கிக்கொண்டே இதைச் செய்தேன் என்பதைக் கவனிக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து பட்டினி கிடப்பது யாருக்கும் முடியும்.

வேலை நடக்கும் இடத்தில் டீ வரும்போது, என் பங்கு கிளாஸை ஒதுக்கி வைத்து, எனக்கு ஏன் வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுவேன். புதிதாக வந்த ஆட்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா. என் மனைவி இதற்கு ஒரு பேச்சு வைத்திருந்தாள். "உங்க அப்பா ஒருசந்தின்னா ஊருக்கே தெரியும். ஆண்டவர் காதுக்குத்தான் எட்டுச்சோ இல்லியோ" என்று பிள்ளைகளிடம் சொல்வாள். நான் கோபப்பட்டதில்லை. தெரியும்படி செய்கிற வேலையைத்தான் நாலு பேர் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள் என்பது என் கட்சி.

இதில் எனக்கு ஒரு பலனும் இருந்தது. புனித வெள்ளி அன்று சாயங்காலம், இறந்த ஆண்டவரின் சுரூபத்தை ஒரு பாடையில் கிடத்தி, தெருக்கள் வழியாகத் தோளில் தூக்கி வருவோம். அந்தப் பாடைக்கு ஆசந்தி என்று பெயர். தேக்குமரம், பித்தளைப் பூண், மேலே கண்ணாடி விளக்குகள், மல்லிகைச் சரம். நல்ல கனம். முன்னால் இரண்டு தண்டு, பின்னால் இரண்டு தண்டு. பின்தண்டுகளை ஆள் மாற்றி ஆள் பிடிக்கலாம். முன்தண்டு இரண்டும் அப்படியல்ல. நாற்பது நாளும் ஒருசந்தி உடையாமல் இருந்தவர்களுக்குத்தான் என்று எங்கள் பங்கில் பாட்டன் காலத்திலிருந்து வழக்கம். வலது முன்தண்டு ரொம்ப வருஷமாக என்னுடையது. ஆசந்தி கோவில் வாசலைத் தாண்டி வெளியே வரும்போது கூட்டம் முதலில் பார்ப்பது அந்த மூலையைத்தான். கூலிக்காரனாக இந்தத் தெருக்களில் செங்கல் சுமந்தவன், அதே தெருக்களில் ஆண்டவரைச் சுமந்து வருகிறான் என்று ஜனங்கள் பார்க்க வேண்டும். அந்த ஒரு சாயங்காலத்துக்காக நான் நாற்பது பகல் பட்டினி கிடப்பேன் என்று சொன்னால் பொய்யில்லை.

எனக்குப் பின்னால், வலது பின்தண்டில், ஒரு சொல்தா வருவார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குபவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்றுதான் சொல்வோம். அவரும் நாற்பது நாள் ஒருசந்திக்காரர்தான். ஆனால் ஆள் குட்டை. முன்தண்டுக்கு வந்தால் ஆசந்தி சாயும் என்று சொல்லிப் பின்னாலேயே வைத்திருந்தோம். சொன்னது பெரும்பாலும் நான்தான். அவரும் விட்டதில்லை. ஒவ்வொரு தவக்காலத்திலும் கோவில் வாசலில் என்னைப் பார்த்து, "என்னா மேஸ்திரி, இந்த வருஷமாவது பசிக்குதா?" என்று கேட்பார். "ஒங்க பென்ஷன் வர்ற அன்னிக்குப் பசிக்கும் சொல்தா" என்று நான் சொல்வேன்.

அந்த வருஷம் ஈஸ்டர் தாமதமாக வந்தது. ஏப்ரல் பாதி கடந்தும், ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம் முடியவில்லை. ஆஸ்பத்திரி ரோட்டுப் பக்கம் ஒரு துலுக்க வீட்டுக்காரருக்கு நான் மாடி கட்டிக்கொண்டிருந்தேன். அவர் சவுதியில், இங்கே அவர் அம்மாதான் எல்லாம். எழுபதுக்கு மேல் வயது. தினமும் ஒரு முறை வந்து, வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, எழும்புகிற சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். நான் அவரைப் பெரியம்மா என்று கூப்பிடுவேன். கடைக்கால் பூஜையன்றே, அதாவது அவர்கள் வழக்கப்படி துவா ஓதிய அன்றே, என்னிடம் ஒன்று சொல்லியிருந்தார். அவர் புருஷன் கடைசிவரை ஓட்டுக்கூரையின் கீழேயே இருந்து போனவராம். மாடி கட்டினால், தளம் போடுகிற அன்றைக்கு வேலை செய்த கை அத்தனையையும் கல்யாணச் சாப்பாடு போலச் சஹனில் சாப்பிட வைக்க வேண்டும் என்பது அவர் ஆசையாம். அதைப் பெரியம்மா நேர்ச்சையாகவே எடுத்துக்கொண்டிருந்தார். சஹன் என்பது பெரிய வட்டத் தட்டு. நடுவில் சோறும் கறியும் குவித்து வைத்து, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து அதே தட்டில் சாப்பிடுவார்கள். அந்த நாலு பேரில் மூத்தவர் கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள். மூத்தவர் கையை எடுத்தால் மற்றவர்களும் எடுத்துவிட வேண்டும்.

மிக்ஸர் மிஷின் கிடைத்தது பெரிய வாரத்துப் புதன்கிழமைதான். அதை விட்டால் பத்து நாள் தள்ளிப்போகும், தளத்துக்கு அடியில் முட்டுக்கொடுத்த சென்ட்ரிங் பலகை வெயிலில் வாய் பிளந்துவிடும். சரி என்று பிடித்துக்கொண்டேன். கடலுக்குப் போகத் தடை போட்டிருந்த நேரம், அதனால் கோட்டுச்சேரிமேட்டிலிருந்தும் ஆட்கள் வேலைக்கு வந்திருந்தார்கள். வலை இழுத்த கைகள் காங்கிரீட் சட்டியைப் பந்து மாதிரி தூக்கிப் போடும். என் கொத்தனார்கள், சித்தாள்கள், மிக்ஸர் ஓட்டுகிறவர், இவர்களோடு சேர்த்தால் அன்றைக்கு நாலைந்து சாதி ஆட்கள் ஒரே ஏணியில் ஏறி இறங்கினார்கள். எல்லாரும் ஒரே குடத்துத் தண்ணீர் குடிப்பார்கள். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் இல்லை.

காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தோம். தளம் போடுகிற வேலையில் நின்று மூச்சுவிட நேரம் கிடையாது. கீழே மிஷின் சுற்றிக்கொண்டே இருக்கும், ஏணியில் சட்டி ஏறிக்கொண்டே இருக்கும், மேலே நான் பரப்பச் சொல்லி, குத்தச் சொல்லி, மட்டம் பார்த்துக்கொண்டே இருப்பேன். அவ்வளவு பெரிய தளத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியாது என்பதால் நடு பீம் முடிந்த இடத்தில் சாப்பாட்டுக்கு நிறுத்தினேன். அரை மணிக்குமேல் நிறுத்தக் கூடாது. அதற்குமேல் போனால் முன்பு போட்டதும் பின்பு போடுவதும் ஒட்டாமல் கோடு விழுந்துவிடும். நாளைக்கு மழைத் தண்ணீர் அந்தக் கோட்டைத்தான் தேடி வரும்.

பக்கத்து மனையில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு, பாய் விரித்து, சஹன்களை வரிசையாக வைத்திருந்தார்கள். நெய்ச்சோறு, மேலே ஆட்டுக்கறி, பருப்பும் எலும்பும் போட்ட தால்ச்சா, கத்திரிக்காய்ப் பச்சடி. பந்தலுக்கு வெளியிலேயே வாசனை ஆளைப் பிடித்து நிறுத்தியது. சித்தாள்களுக்கு அந்தப் பக்கம் படுதா கட்டித் தனியாக. எல்லாரும் கை காலைக் கழுவிக்கொண்டு வந்து நின்றார்கள். உட்காரவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், பிறகு எல்லாரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

பெரியம்மா என்னை முதல் சஹனுக்குக் கூப்பிட்டார். "வாங்க மேஸ்திரி, நீங்க கை வச்சாத்தான் அவங்க வைப்பாங்க."

எனக்கு ஒருசந்தி என்றும், ஆட்களுக்குப் போடுங்கள் என்றும், நான் இப்படி ஓரமாக நிற்கிறேன் என்றும் சொன்னேன். வழக்கமாகச் சொல்வதைவிடக் கொஞ்சம் விவரமாகவே சொல்லியிருப்பேன். ஆசந்திக்கு இன்னும் இரண்டு நாள்தான் பாக்கி என்பதையும் சேர்த்துக்கொண்டேன். இதோடு விஷயம் முடிந்தது, எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

யாரும் உட்காரவில்லை. மிக்ஸர் ஓட்டுகிறவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து ஈரமில்லாத கையைத் திரும்பத் திரும்பத் துடைத்தார். என் மூத்த கொத்தனார் தனக்கு மத்தியானத்தில் கறி ஒத்துக்கொள்ளாது என்றார். கறி என்றால் எலும்பைக்கூட விடாதவர் அவர். கோட்டுச்சேரிமேட்டு ஆட்கள் டீயும் பன்னும் போதும், வேலை முடியட்டும் என்று மெல்ல வெளியே நகர்ந்தார்கள். மேஸ்திரியே அந்தத் தட்டில் கை வைக்கவில்லை, நாம் ஏன் முந்த வேண்டும் என்பதுதான் ஒவ்வொருவர் மனசிலும் இருந்தது. எனக்கு ஒருசந்தி என்று நான் சொன்னது அவர்கள் காதில் சாக்காகத்தான் விழுந்தது. படுதாவுக்கு அந்தப் பக்கமிருந்து சித்தாள்களில் மூத்தவள், நெஞ்சில் இருப்பதை நாக்கில் வைப்பவள், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"மேஸ்திரிக்குச் சாமிப் பசி. நமக்கு வயித்துப் பசி. ரெண்டுத்துல எது மொதல்ல அடங்குதோ அப்ப சாப்பாடு."

யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேலே பாதித் தளம் காய்ந்துகொண்டிருந்தது.

பெரியம்மா என் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தி, "மேஸ்திரி, ஒரே தட்டுங்கிறது ஒங்களுக்குச் சங்கடமா இருக்கா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என்னைக் குத்திய குத்து யாருக்கும் புரியாது. நான் கையாளாக இருந்த காலத்தில் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டால் செம்பைக் கையில் தரமாட்டார்கள். குனிந்து இரண்டு கையையும் குவித்து வாயருகே வைக்க வேண்டும், மேலிருந்து ஊற்றுவார்கள். மூக்கில் ஏறும். பிற்பாடு அந்த வீட்டுக்கு மாடி கட்டிக்கொடுத்தவன் நான்தான் என்பது வேறு விஷயம். அப்படி ஊற்றிக் குடித்தவனைப் பார்த்து, நீ எங்கள் தட்டை ஒதுக்குகிறாயா என்று ஒரு கிழவி கேட்கிறார். கேட்டதில் தப்பும் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

"சத்தியமா அது இல்லீங்க பெரியம்மா. ஒங்களுக்கு நோம்பு மாதிரி எங்களுக்கு இது. நாப்பது நாளு."

அவர் முகம் உடனே தெளிந்துவிட்டது. "நோம்பா? அதை மொதல்லயே வெவரமா சொல்லப்படாதா. நோம்பாளியைச் சாப்புடச் சொல்லி நிக்கிறது பாவம்" என்றார். பிறகு வீட்டுப் பெண்கள் பக்கம் திரும்பி, "சஹனையெல்லாம் எடுத்துருங்கம்மா. வாழை எலை இருந்தா அறுத்துக்கிட்டு வாங்க. அவங்கவங்களுக்குத் தனித்தனியா போட்டுருவோம். பசியோட நிக்கிறாங்க" என்றார்.

சொல்லிவிட்டு நிற்கவும் இல்லை. குனிந்து முதல் சஹனைத் தாமே தூக்கினார். நாலு பேர் சோறும் கறியும் இருக்கிற பித்தளைத் தட்டு. இடுப்பில் சாய்த்துக்கொண்டுதான் தூக்க முடிந்தது. முகத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. நான் இவ்வளவு பெரிய நேர்ச்சையை விட்டுக்கொடுக்கிறேன் பார் என்கிற தோரணை துளிகூட இல்லை. சாப்பாடு ஆட்கள் வயிற்றுக்குப் போக வேண்டும், அதற்கு என்ன வழியோ அதைச் செய்கிற அவசரம்தான் இருந்தது. செத்துப்போன மனுஷனுக்குக் கொடுத்த வாக்கு, கடைக்கால் போட்ட நாளிலிருந்து வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. அதை என் ஒருசந்திக்காகத் தட்டோடு தூக்கி உள்ளே கொண்டுபோகிறார்.

நான் வேகமாக யோசிக்கிறவன் இல்லை. கைதான் எனக்கு முதலில் வேலை செய்யும். ஆனால் அந்த நிமிஷத்தில் மனசுக்குள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்தது நினைவிருக்கிறது. இன்று புதன். நாளை மறுநாள் ஆசந்தி. வலது முன்தண்டு. சொல்தாவின் சிரிப்பு. இத்தனை வருஷம். பிறகு பெரியம்மாவின் இடுப்பில் சாய்ந்த அந்தத் தட்டு. இதில் எதை விட்டால் அது ஆண்டவருக்காக விட்டதாகும் என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அவ்வளவு அழகாகவெல்லாம் கேட்கவில்லை. இந்த அம்மாள் தூக்குகிறதை நான் பார்த்துக்கொண்டு நின்றால், அதற்கப்புறம் நான் எதைத் தூக்கி என்ன, என்றுதான் பட்டது.

"வைங்க பெரியம்மா" என்றேன்.

அவர் வேண்டாம் என்றார். நான் தட்டை அவர் கையிலிருந்து வாங்கிப் பாயில் வைத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, கையை வைத்தேன். நாற்பது நாளில் முதல் கறி. மிக்ஸர் ஓட்டுகிறவர் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார். கோட்டுச்சேரிமேட்டு ஆள் ஒருவர் எதிரில். கறி ஒத்துக்கொள்ளாத மூத்த கொத்தனார் வலப்பக்கம், எல்லாருக்கும் முன்னால் ஒரு எலும்பைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். பந்தல் முழுக்க ஆட்கள் உட்காரும் சத்தம் கேட்டது.

"ஒங்க நோம்பு?" என்று பெரியம்மா தலைக்குமேல் நின்று கேட்டார்.

"அதை நானும் ஆண்டவரும் பேசிக்கிறோம். நீங்க தால்ச்சா ஊத்துங்க."

ஒரு வாய் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதுவும் நடக்காது. நான் கையை எடுத்தால் என் தட்டில் மூன்று பேரும் எடுத்துவிடுவார்கள், எங்கள் தட்டைப் பார்த்து மற்ற தட்டுகளும். அதனால் கடைசி ஆள் போதும் என்று சொல்கிறவரை நான் சாப்பிட வேண்டியிருந்தது. எதற்கு மறைக்க வேண்டும், ருசியாகத்தான் இருந்தது. படுதாவுக்குப் பின்னாலிருந்து அந்தச் சித்தாள், "மேஸ்திரி நாப்பது நாளையும் ஒண்ணாச் சேத்துப் புடிக்கிறாரு, தட்டைப் பாத்துக்கங்க" என்றாள். அந்தத் தடவை நானும் சிரித்தேன். ஒரே தட்டில் கை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆட்கள் ஒருவர் பக்கம் ஒருவர் கறியைத் தள்ளிவிட ஆரம்பித்திருந்தார்கள். அதை நான் வேறு எந்த வேலையிலும் பார்த்ததில்லை. அரை மணி ஆவதற்கு முன்பே எல்லாரையும் எழுப்பி மேலே ஏற்றிவிட்டேன். பொழுது சாயும்போது தளம் முடிந்தது. அன்று நிறுத்தித் தொடர்ந்த இடத்தில் இன்றைக்கும் ஒரு கோடு கிடையாது, போய்ப் பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கஞ்சியோடு நின்றாள். கிண்ணத்தை நீட்டியவள் பாதியில் நிறுத்தினாள். "கையில என்னா வாசனை?" என்றாள். சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், பெரியம்மா சஹனைத் தூக்கிய இடம் வந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அப்புறம் அவளுக்கு ஆசந்தி ஞாபகம் வந்துவிட்டது. சாப்பிட்டது துலுக்க வீடு, கூட இருந்தவர்கள் கோட்டுச்சேரிமேட்டு ஆட்கள், இந்தப் பங்கில் யாருக்குத் தெரியப்போகிறது என்றாள். எனக்காகத்தான் சொன்னாள். எனக்கும் வழியெல்லாம் அந்த யோசனை ஓடியது என்று ஒத்துக்கொண்டேன். ஆனால் சிமெண்டைக் குறைத்துப் போட்டுவிட்டு மேலே பூசி மறைக்கிற வேலையை நான் ஒருநாளும் செய்ததில்லை. இதில் போய் ஏன் ஆரம்பிக்க வேண்டும்?

மறுநாள் பெரிய வியாழன். பூசைக்கு முன்னால் பங்குச் சாமியாரிடம் போனேன். அவர் சின்ன வயசுக்காரர், பங்குக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நடந்ததைக் கேட்டுவிட்டு, உடல் உழைப்புச் செய்கிறவர்களுக்கு ஒருசந்தியில் விலக்கு உண்டு என்றும், நான் தாராளமாக ஆசந்தி தூக்கலாம் என்றும் சொன்னார். கோவிலே அனுமதி கொடுத்துவிட்டது. ஒரு நொடி என் தோள் தானாக நிமிர்ந்தது.

பிறகுதான், தன் நேர்ச்சையை விட்டுக்கொடுக்கப் பெரியம்மா யாரிடமும் அனுமதி கேட்கவில்லையே என்று தோன்றியது.

"ரொம்ப சந்தோஷங்க சாமி. ஆனா முன்தண்டு வழக்கம் ஒருசந்தி ஒடையாதவங்களுக்கு. அதைச் சொல்லிச் சொல்லித்தான் நானே இத்தனை வருஷம் புடிச்சேன். எனக்குன்னு மட்டும் மாத்தக் கூடாது" என்றேன்.

"மேஸ்திரி, தண்டை விடுறதையாவது மைக்குல சொல்லாம விடுவீங்களா?" என்றார். என் மனைவியோடு எப்போது பேசினாரோ தெரியவில்லை. விடுவேன் என்று வாக்குக் கொடுத்தேன். வாக்குக் கொடுத்தது அந்த வருஷத்துக்கு மட்டும்தான், அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

கோவில் வாசலில் சொல்தா வழக்கமான இடத்தில் நின்றிருந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டார். "என்னா மேஸ்திரி, பசிக்குதா?"

"பசிச்சுது சொல்தா. நேத்து மத்தியானம் கறிச்சோறு சாப்புட்டேன். நாளைக்கு வலது முன்தண்டை நீங்க புடிங்க."

நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நினைப்பை மாற்றிக்கொண்டார். பட்டாளத்தில் எத்தனையோ பார்த்த மனுஷன், வாய்க்கு வாய் பதில் சொல்கிறவர், அன்றைக்குத் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "நான் குட்டைன்னு சொன்னீங்களே" என்றார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆசந்தியைத் தூக்கினார்கள். நான் கூட்டத்தில் நின்றேன். எதிர்பார்த்தபடியே வலது முன்மூலை தாழ்ந்தது. என் கண்ணுக்கு மட்டம் தவறினால் பொறுக்காது, அது ஆண்டவருடைய பாடையாக இருந்தாலும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், என் துண்டை எட்டாக மடித்து, சொல்தாவின் தோளுக்கும் தண்டுக்கும் நடுவில் செருகினேன். அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. முன்னால் பார்த்தபடியே உதட்டை அசைக்காமல் கேட்டார்.

"லெவலு சரியா மேஸ்திரி?"

"அரை இஞ்சு எறக்கம் இருக்கு. பரவால்ல, நடங்க."

தோளில் பாரம் இல்லாமல் அந்தப் பவனியில் நான் நடந்ததே இல்லை. கை சும்மா இருந்தது ஒரு மாதிரியாக இருந்தது. துண்டு நழுவினால் பிடிக்க வேண்டுமே என்று ஆசந்திக்குப் பக்கவாட்டிலேயே நடந்தேன். தெரிந்தவர்கள் பலர் என்னைப் பார்த்துவிட்டு முன்தண்டைப் பார்த்தார்கள். சிலர் கேட்கவே கேட்டார்கள். இந்த வருஷம் இல்லை என்று மட்டும் சொன்னேன். உள்ளே இருப்பதைச் சொல்லாமல் வைத்திருப்பது எனக்குப் பட்டினியைவிடக் கஷ்டமான வேலை. இரண்டு தெரு தாண்டுவதற்குள் நாக்கு வறண்டுவிட்டது.

மூன்றாவது தெரு முனையில் பவனி திரும்புகிறபோது ஆசந்தி என் பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது. கண்ணாடி விளக்கின் வெளிச்சம் சுரூபத்தின்மேல் விழுந்தது. அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். கோவிலுக்குள் வருஷம் முழுக்க அந்தச் சுரூபம் திரைக்குள் இருக்கும். பவனி நாளில் முன்தண்டு பிடிக்கிறவனுக்கு அது தலைக்குப் பின்னால் இருக்கும். இத்தனை வருஷம் தூக்கியவன் ஒரு தடவைகூடப் பவனியில் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. கன்னத்தில் வர்ணம் உரிந்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. வேலை முடித்து, கை கழுவக்கூடத் தெம்பில்லாமல் மணலில் சாய்ந்து தூங்கிவிட்ட ஆள் மாதிரி இருந்தார். அந்தக் களைப்பு எனக்குத் தெரிந்த களைப்பு. பார்த்துக்கொண்டே நடந்ததில் இரண்டு பேர் காலை மிதித்துவிட்டேன்.

பவனி கோவிலுக்குத் திரும்பியதும், தூக்குகிறவர்கள் முதலில் சுரூபத்தின் பாதத்தில் வாய் வைத்து முத்தி செய்துவிட்டுப் போவார்கள், ஜனங்கள் வரிசையில் நிற்க வேண்டும். அன்றைக்கு நான் என் மனைவியோடு வரிசையில் நின்றேன். நீளமான வரிசை. முன்னால் ஒரு கைக்குழந்தைக்காரி, பின்னால் மீன் விற்கிற அம்மாள் ஒருத்தி. மெதுவாக நகர்ந்தது. நகர்கிற நேரம் முழுக்க அந்த முகத்தைத் தள்ளி நின்று பார்க்க முடிந்தது.

அடுத்த வருஷம் நாற்பது நாளும் உடையாமல் ஒருசந்தி இருந்தேன். தளம் போடுகிற வேலைகளைத் தவக்காலத்துக்கு முன்னாலேயே முடித்துவிட்டேன், ஏற்பாடு செய்யத் தெரிந்தவன் அல்லவா. சொல்தாவே வீட்டுக்கு வந்து, தண்டு உங்களோடது, வந்து பிடியுங்கள் என்றார். கேட்டால் கொடுத்திருப்பார்கள். வேண்டாம் என்றேன். என்னைத் தவிர அந்தத் துண்டைச் சரியான கனத்துக்கு மடிக்க யாருக்கும் தெரியாது. அதை மடித்துச் செருகிவிட்டு ஆசந்தியின் பக்கவாட்டில் நடக்கிற இடம்தான் இப்போது என்னுடையது.